ஸ்பானியத் தேர்வும் தமிழ்ச் செவியும்

உலகில் ஏறத்தாழ 50 கோடி மக்கள் தாய்மொழியாகப் பேசும் மொழி ஸ்பானியம். ஸ்பெயினிலும் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள நாடுகள் பலவற்றிலும் அதுவே வழங்குகிறது. திருப்பூர்ப் பின்னலாடை கடல் கடந்து செல்லும் நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்துப் பிள்ளைகள் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை தேடும் இந்நாளில், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளோடு ஸ்பானியத்தையும் கற்க முன்வருவோர் சிலர் உளர்.

இம்மொழி அறிவை அளக்கும் தேர்வின் பெயர் 'தேலே'. 1988இல் ஏற்படுத்தப்பட்ட இத்தேர்வை ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துகிறது. அதன் கிளை புது தில்லியில் உண்டு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 எனத் தேர்வுக்கு ஆறு படிகள். முதல் மூன்று படிகளை ஊக்கமுள்ள மாணவர் எவரும் ஏறிவிடலாம். ஐந்தாம் படியாகிய சி1 கடினமானது. ஒரு சொற்பொழிவைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைக் கொண்டு கட்டுரை எழுத வேண்டும். நீண்ட பகுதியைப் படித்து, அதன் பொருள் பற்றிப் பேச வேண்டும்.

இந்தப் படிக்கட்டில் நின்று பலர் திரும்பிவிடுகின்றனர். "தமிழ் வழியில் படித்தவன் நான், ஆங்கிலமே சரியாக வராத எனக்கு ஸ்பானியம் எப்படி வரும்?" என்பது அவர்கள் சொல்லும் காரணம். இந்தக் காரணம் சரிதானா? இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஸ்பானிய இலக்கணம் கற்பிக்கும் தகுதி இல்லை. ஆயினும் ஒலி, செவி, நினைவு ஆகியவை அறிவியலின் எல்லைக்குள் வருவன. அவற்றைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

காற்றும் குரல்நாணும்

'ப' என்று சொல்லும்போது என்ன நிகழ்கிறது? உதடுகள் மூடுகின்றன; வாயினுள் காற்றழுத்தம் கூடுகிறது; உதடுகள் திறந்ததும் காற்று வெடித்து வெளிவருகிறது. பின்னர்க் குரல்நாண்கள் அதிர்ந்து உயிரொலி பிறக்கிறது. வெடிப்புக்கும் அதிர்வுக்கும் இடைப்பட்ட நேரம் மிகச் சிறியது, ஆனால் அளக்கக்கூடியது.

1964இல் லீ லிஸ்கர், ஆர்தர் அப்ராம்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பதினொரு மொழிகளில் இந்த நேரத்தை அளந்து வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் ஸ்பானியமும் இருந்தது நமக்கு நல்வாய்ப்பு. சொல்லின் முதலில் வரும் வல்லொலிப் பகரத்துக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் சராசரி 58 மில்லி வினாடி. தமிழில் 12, ஸ்பானியத்தில் 4. ஆங்கிலேயர் பகரத்தைத் தொடர்ந்து மூச்சுக் காற்று சீறி வருவது இந்த நீண்ட இடைவெளியால்தான். மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதட்டின் முன் பிடித்துப் 'பல்' என்று சொல்லிப் பாருங்கள். தாள் அவ்வளவாக அசையாது. ஸ்பானியர் வாயின் முன்னும் அப்படியே.

'பந்து', 'குண்டு' என்னும் சொற்களின் முதலெழுத்தை நாம் பேச்சில் மென்மையாக ஒலிக்கிறோம். 'பல்', 'குடம்' என்பவற்றில் வன்மையாக ஒலிக்கிறோம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. மெல்லொலியில் உதடு திறப்பதற்கு முன்பே குரல்நாண் அதிரத் தொடங்கிவிடுகிறது. ஸ்பானியத்திலும் இதே முறைதான். ஆகவே 'காசா' என்பதை வல்லொலியால் தொடங்கினால் வீடு, மெல்லொலியால் தொடங்கினால் சல்லடைத் துணி என்னும் வேறுபாட்டை நம் செவி எளிதில் பிடிக்கும்.

உயிரொலிகளும் அவ்வாறே. அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்தும் போதும். நுனிநாக்குப் பல்லைத் தொடும் தகரமும் ஞகரமும் நம்மிடம் உண்டு. வினைச்சொல்லின் ஈறே பேசுபவர் யார் என்று காட்டிவிடுவதால், 'பேசுகிறேன்' என்று நாம் சொல்வது போல அவர்களும் எழுவாயை விட்டுவிடலாம். 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்னும் ஆங்கில அமைப்பு அங்கே இல்லை. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்ற நம் அமைப்பே உண்டு. ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகத்தான் அடைய வேண்டும் என்று எண்ணுவது, பக்கத்து ஊருக்குச் சுற்றுவழியில் செல்வதற்கு ஒப்பாகும்.

எங்கே இடறுவோம்?

வாய்ப்புகள் இவ்வளவு இருந்தும் தமிழ் மாணவர் தவறாது இடறும் இடங்கள் மூன்று.

முதலாவது, சொல்லின் இடையில் வரும் வல்லினம். 'அது' என்பதில் தகரம் தானாக மென்மை அடைகிறது. வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் 'பத்து' என்று இரட்டிக்க வேண்டும். இது தமிழின் இயல்பு. ஸ்பானியத்திலோ இரட்டிக்காமலே வன்மை உண்டு. 'செதா' என்று 'அது'விலுள்ள தகரத்தால் சொன்னால் பட்டு. இரட்டிக்காமல், ஆனால் வன்மையாகச் சொன்னால் காளான்! பட்டு விலை கேட்கப் போய்க் காளான் விலை கேட்கும் நிலை வரலாம். இரட்டித்த தகரத்தின் வன்மையை வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் பாதியாக்கிப் பழக வேண்டும்.

இரண்டாவது, ரகர றகரம். 'காரோ' என்றால் விலை மிகுந்தது. 'காறோ' என்றால் வண்டி. நம் எழுத்தில் இவ்வேறுபாடு இருந்தும், பெரும்பாலான வட்டாரங்களின் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. ஸ்பானிய றகரத்தில் நாக்கு நுனி வினாடிக்கு ஏறக்குறைய 25 தடவை என்னும் வேகத்தில் துடிக்கிறது. எந்தத் தசையும் அவ்வளவு விரைவாகச் சுருங்கி விரிய முயல வேண்டியதில்லை. குறுகிய இடைவெளியில் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. நாக்கு மேலே இழுபடுகிறது. வழி அடைபட்டதும் பின்னழுத்தம் அதைத் தள்ளிவிடுகிறது. கொடியில் காயும் வேட்டி காற்றில் படபடப்பதும் இத்தகைய செயலே. எனவே நாக்கை விறைக்கச் செய்யாமல் தளரவிட்டு, காற்றை மட்டும் வலுவாகச் செலுத்த வேண்டும்.

மூன்றாவதே மிகப் பெரியது: அழுத்தம். குறில் நெடிலைப் பிரித்தறிவதில் நம் செவி தேர்ந்தது. அசையழுத்தத்தால் பொருள் மாறுவது தமிழில் இல்லை. ஸ்பானியத்தில் 'தெர்மினோ' என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் முடிவு அல்லது கலைச்சொல். இடையசையை அழுத்தினால் 'முடிக்கிறேன்'. கடையசையை அழுத்தினால் 'முடித்தான்'. அழுத்தம் என்பது ஒலியின் செறிவு, அதிர்வெண், நீளம் மூன்றும் சேர்ந்து மாறுவது. நீளத்தை மட்டும் கவனித்துப் பழகிய செவிக்கு மற்ற இரண்டையும் கவனிக்கக் கற்பிக்க வேண்டும்.

தறி ஓசையின் நடுவே

விசைத்தறிக் கூடங்களில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். எங்கள் பகுதியில் பல வீடுகளில் தறியும் குடியிருப்பும் அடுத்தடுத்தே உள்ளன. பிள்ளைகள் அந்த ஓசையிலேயே படித்துப் பழகிவிடுகின்றனர். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இப்பழக்கம் போதலாம். கேட்டல் பயிற்சிக்குப் போதாது.

உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 3000 ஹெர்ட்சுக்குக் கீழே அடங்கும். ஸகரத்தின் ஆற்றலோ 4000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட பகுதியில் மிகுதி. அதன் செறிவும் குறைவு. இரைச்சலில் முதலில் மூழ்குவது இத்தகைய மெய்யொலிகளே. ஸ்பானியத்தில் ஒருமையைப் பன்மையாக்குவது சொல்லின் கடைசியில் வரும் அந்த ஸகரம்தான். அதைத் தவறவிட்டால் ஒன்றா பலவா என்பதே தெரியாது. காதொலிக் கருவியின் ஓசையைக் கூட்டித் தறியை வெல்ல முயல்வதும் தீங்கு. பேரிரைச்சலால் வரும் கேள்விக் குறை முதலில் 4000 ஹெர்ட்ஸ் அருகில்தான் தோன்றுகிறது. தறி நிற்கும் நேரத்திலோ, ஊர் நூலகத்திலோ, தோட்டத்து வேப்பமரத்தடியிலோ அமர்ந்து, குறைந்த ஒலியில் நாள்தோறும் அரைமணி கேட்பது மேலானது.

வினாடிக்கு எட்டு அசை

"அவர்கள் மிக வேகமாகப் பேசுகிறார்கள்" என்று மாணவர் முறையிடுவது கற்பனை அன்று. பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா பெல்லெக்ரினோவும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஸ்பானியர் வினாடிக்கு 7.8 அசைகள் பேசுகின்றனர். ஆங்கிலேயர் 6.2, ஜெர்மானியர் 6. ஆனால் ஸ்பானிய அசை ஒவ்வொன்றும் சுமக்கும் செய்தி குறைவு. 17 மொழிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, எல்லா மொழிகளும் ஏறத்தாழ வினாடிக்கு 39 பிட் என்னும் ஒரே அளவில் செய்தி தருவதாகக் காட்டியது. சிறு கூடையில் பலமுறை சுமப்பதும் பெருங்கூடையில் சிலமுறை சுமப்பதும் போன்றது இது. எனவே ஒவ்வோர் அசையையும் துரத்திப் பிடிக்க முயலாமல் சொற்றொடர்களைப் பிடிக்கப் பழக வேண்டும். ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு, நிறுத்தி, கேட்டதைச் சொந்தச் சொற்களில் இரண்டு வரியாக எழுதுவது இதற்கு நல்ல பயிற்சி.

தேக்கம் ஏன்?

இனி, மனம் தளரச் செய்யும் அந்தப் படிக்கட்டுக்கு வருவோம். முதல் ஆண்டில் விரைந்து முன்னேறிய மாணவர், பின்னர் எவ்வளவு படித்தும் நின்ற இடத்திலேயே நிற்பதாக உணர்கிறார். தம் மூளை மழுங்கிவிட்டதாகவும் ஐயுறுகிறார்.

ஜார்ஜ் ஜிப்ஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பரப்பிய விதி ஒன்று இதை விளக்குகிறது. ஒரு மொழியின் சொற்களைப் பயன்பாட்டு வரிசையில் அடுக்கினால், இரண்டாம் சொல் முதற்சொல்லில் பாதியளவும், மூன்றாம் சொல் மூன்றில் ஒரு பங்கும் வரும். ஒரு லட்சம் சொற்கள் கொண்ட மொழிக்கு இவ்விதிப்படி கணக்கிட்டால், முதல் 1000 சொற்களை அறிந்தவருக்கு ஒரு பக்கத்தில் 62 விழுக்காடு தெரியும். 2000 அறிந்தவருக்கு 68; 4000 அறிந்தவருக்கு 73; 8000 அறிந்தவருக்கு 79. உண்மையான நூல்களில் எண்கள் சிறிது மாறும்; வளைகோட்டின் போக்கு மாறாது. முதல் ஆயிரம் சொற்கள் 62 விழுக்காடு தந்தன. அடுத்த ஆயிரமோ 6 விழுக்காடே தருகின்றது! உழைப்பு குறையவில்லை, மூளையும் மழுங்கவில்லை. வளைகோடு படுத்துவிட்டது, அவ்வளவே. ஸ்பெயினில் படிக்கும் ஜெர்மானிய மாணவருக்கும் இதே வளைகோடுதான்.

ஆனால் உழைக்கும் முறையை மாற்ற வேண்டும். அகராதியை வரிசையாகப் படிப்பதை விட்டு, தேர்வில் வரும் துறைகளான சுற்றுச்சூழல், பொருளாதாரம், கல்வி, பண்பாடு ஆகியவற்றில் நாளேட்டுக் கட்டுரைகளைப் படிக்கலாம். ஒரு துறைக்குள் அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். சொல்லைத் தனியே பார்க்காமல் வேரோடு பார்த்தால், 'இயலும்' என்பதிலிருந்து 'இயலாது', 'இயல்பு' பிறப்பது போல, ஒரு வேரிலிருந்து நான்கைந்து ஸ்பானியச் சொற்கள் கிடைக்கும்.

மறதிக்கு மாற்று

கற்ற சொற்களைக் காப்பது எப்படி? ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். ஒரு மணி நேரத்தில் எஞ்சியது 44 விழுக்காடு. ஒரு நாளில் 34. ஒரு மாதத்தில் 21. இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே முதல் மீள்பார்வை மறுநாளே நடக்க வேண்டும். பின்னர் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானியர் 1972இல் இதற்கு எளிய பெட்டி முறை ஒன்றைப் பரப்பினார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, ஒரு புறம் தமிழும் மறுபுறம் ஸ்பானியமும் எழுதுங்கள். காலணிப் பெட்டி ஒன்றை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதலறைச் சீட்டுகளை நாள்தோறும், இரண்டாவதை இரு நாளுக்கு ஒருமுறை, அடுத்தவற்றை 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை எடுத்துச் சோதியுங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறியது முதலறைக்குத் திரும்பும்.

சோதித்தல் என்பதே இதில் முக்கியம். 2006இல் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர் சிலரை ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கச் செய்தனர். வேறு சிலரைப் படித்தபின் நூலை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் படித்தவர்களே முன்நின்றனர்: 81க்கு 75. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: திரும்பப் படித்தோர் 42 விழுக்காடும், நினைவுகூர்ந்து எழுதியோர் 56 விழுக்காடும் சொன்னார்கள். திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது என்ற நிறைவைத் தரும். மூடிவைத்து எழுதுவது உண்மையிலேயே நினைவில் நிறுத்தும். இயற்பியல் தேர்வுக்கும் இதுவே விதி.

ஆகவே கேள்விக்கு விடை தெளிவு. தமிழ் வழிக் கல்வி ஸ்பானியத்துக்குத் தடையன்று. ஒலியிலும் தொடரமைப்பிலும் அது பல இடங்களில் துணை. தடையாக இருப்பவை அழுத்தத்தைக் கவனியாத செவியும், இரைச்சலும், படுத்துவிட்ட வளைகோட்டைத் தம் குறையென எண்ணும் மனமுமே. இவை மூன்றும் பயிற்சியால் மாறக்கூடியவை. பெட்டியில் நாளைக்குப் பத்துச் சீட்டு, அமைதியான இடத்தில் அரைமணிக் கேட்டல், நூலை மூடிவைத்து ஒரு பக்கம் எழுதுதல் என்று இன்றே தொடங்குவோர், தம் வேகத்தைத் தாமே ஒரு குறிப்பேட்டில் வரைந்து பார்க்கட்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.