தைரொயிட், விற்றமின் பரிசோதனை அறிக்கைகள்: எண்களை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

எமது நாட்டின் சிறு நகரங்களிலும் இன்று தனியார் ஆய்வுகூடங்கள் பெருகிவிட்டன. வைத்தியரின் சீட்டு இல்லாமலேயே, 'முழு உடற் பரிசோதனை' என்ற பெயரில் பல இரத்தப் பரிசோதனைகளை ஒரே கட்டணத்தில் செய்துகொள்ள முடிகின்றது. அவ்வாறு பெறப்படும் அறிக்கையில் ஏதாவதோர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் எவருக்கும் உறக்கம் இருக்காது. அயலவர் ஒருவர் உட்கொள்ளும் குளிசையின் பெயர் விசாரிக்கப்படும். மறுநாளே மருந்தகத்தில் அது வாங்கப்பட்டும் விடும்.

இதற்கு நேரெதிரான தவறும் நிகழ்கின்றது. ஏற்கனவே தைரொக்சின் குளிசை எடுத்து வருபவர், அறிக்கையில் எல்லா எண்களும் சரியாக இருப்பதைக் கண்டு, நோய் மாறிவிட்டதென எண்ணி மருந்தை நிறுத்திவிடுகின்றார். இவ்விரு தவறுகளில் பின்னையதே கூடிய ஆபத்துடையது.

முதலில், அறிக்கையின் ஓரத்தில் காணப்படும் 'சாதாரண வீச்சு' எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஆரோக்கியமானோர் பலரின் இரத்தத்தை அளந்து, நடுவில் அமையும் 95 சதவீதத்தினரின் அளவுகளே பெரும்பாலும் அவ்வீச்சாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே எந்நோயுமற்ற இருபது பேரில் ஒருவரின் அளவு அதற்கு வெளியே விழுவது இயல்பானதே. ஒன்றோடொன்று தொடர்பற்ற இருபது பரிசோதனைகளை ஒருவருக்கு ஒரே நாளில் செய்தால், ஏதாவதொன்று பிசகி வரும் வாய்ப்பு 60 சதவீதத்திற்கும் அதிகம்.

தைரொயிட் பரிசோதனையில் முதலில் பார்க்கப்படும் ரி.எஸ்.எச். தைரொயிட் சுரப்பியிலிருந்து வருவதன்று. அது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் ஏவல். தைரொயிட் போதிய ஓமோனைச் சுரக்காதபோது ஏவல் உரத்து ஒலிக்கின்றது. அளவுக்கு மீறிச் சுரந்தால் அடங்கிவிடுகின்றது. எனவே ரி.எஸ்.எச். உயர்ந்திருப்பது தைரொயிட் சோர்ந்திருப்பதையும், தாழ்ந்திருப்பது அது மிகையாக இயங்குவதையும் பொதுவாகக் காட்டும். முதலில் பார்க்கும் பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

வளர்ந்தோரில் ரி.எஸ்.எச். ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரை இருத்தல் சாதாரணம். ரி 4 எனும் ஓமோன் சரியாக இருந்து, ரி.எஸ்.எச். மட்டும் 4க்கும் 10க்கும் இடையில் இருப்பின், அவசரப்பட்டு மருந்து தொடங்காமல் இரண்டு மூன்று மாதங்களின் பின் மீண்டும் பரிசோதிப்பதே பெரும்பாலும் உசிதமானது. காய்ச்சலோ வேறு நோயோ வந்து மாறிய வேளையில் இந்த எண் தற்காலிகமாக உயர்வதுண்டு. முதுமையிலும் அது சற்று உயரும். இவ்வாறு சிறிதளவு உயர்ந்திருந்த 65 வயதும் அதற்கு மேற்பட்டோரில் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று, தைரொக்சினால் அவர்களது களைப்போ ஏனைய அறிகுறிகளோ குறையவில்லை எனக் காட்டியது. 10ஐத் தாண்டியிருப்பின் மருந்து தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

கருவுற்ற பெண்களின் விடயம் முற்றிலும் வேறானது. கருவின் முதல் வாரங்களில் சிசுவிற்குத் தைரொயிட் சுரப்பி இயங்குவதில்லை; அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஓமோனைத் தாயே வழங்க வேண்டும். ஏற்கனவே தைரொக்சின் எடுக்கும் பெண்ணிற்குக் கருவுற்றவுடன் அதன் அளவை நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக உயர்த்த வேண்டி ஏற்படுவது வழமை. நடைமுறையிலோ, 'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குளிசை கூடாது' என்று மூத்தோர் சொல்ல, அத்தியாவசியமான அந்த மருந்தே நிறுத்தப்படுகின்றது. தைரொக்சின் உடலுக்குப் புறம்பானதொரு பொருளன்று. சுரப்பி தர மறுப்பதை ஈடுசெய்வது மட்டுமே. அதை எடுத்துவரும் பெண் மாதவிடாய் தவறிய வாரத்திலேயே வைத்தியரைச் சந்தித்தல் வேண்டும். கிளினிக் திகதி வரும்வரை காத்திருத்தல் கூடாது. அதேவேளை, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரி.எஸ்.எச். இயல்பாகவே தாழ்வதால், அறிக்கையில் அச்சாகியுள்ள பொதுவான வீச்சு அவருக்குப் பொருந்தாது.

ரி.எஸ்.எச். மட்டும் ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. கபச்சுரப்பியே பழுதுற்றால் ஏவல் பிறக்காது. ரி 4 தாழ்ந்திருந்தும் ரி.எஸ்.எச். சாதாரணம் போலத் தோன்றும். பிரசவத்தில் கடும் இரத்தப்போக்குக்கு உள்ளான தாய்மாரில் இது நிகழலாம். எம்மிடையே புடையன் என்றும் வழங்கும் கண்ணாடி விரியன் தீண்டிப் பிழைத்தோர் சிலரிலும் கபச்சுரப்பி செயலிழப்பது பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் எமது நாட்டிலும் பதிவாகியுள்ளது. வயல் வேலை செய்யும் ஒருவர் காரணம் புரியாத சோர்வுடன் வரும்போது, பழைய பாம்புக்கடியை வைத்தியரிடம் கூறுவது வீண்கதையாகாது.

அடுத்து அலகு. யாழ்ப்பாணத்தில் எடுத்த தாயின் அறிக்கையைப் பார்த்து ரொறன்ரோவில் வாழும் மகன் பதறுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். இங்குள்ள பல ஆய்வுகூடங்கள் விற்றமின் டீயை மில்லிலீற்றருக்கு நனோகிராம் கணக்கில் தருகின்றன. கனடாவில் லீற்றருக்கு நனோமோல். இங்கு 24 என வருவது அங்கு 60. பீ 12இல் 300 பிகோகிராம் என்பது 221 பிகோமோல். ரி 4 இங்கு 1.2 எனில், அங்கு 15க்குச் சற்று மேல். எண்ணை மட்டும் தொலைபேசியில் சொல்லி ஆலோசனை கேட்பது எவ்வளவு அபத்தம் என்பதை இது விளக்கும்.

விற்றமின் டீயின் எல்லை வேறு வகையில் வகுக்கப்பட்டது. 20 நனோகிராம் பெரும்பாலானோரின் எலும்புகளுக்குப் போதுமானதென அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2011ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 30 வேண்டுமென முன்னர் கூறிய அந்நாட்டு அகஞ்சுரப்பியியல் சங்கம், 2024இல் அந்த எல்லையைக் கைவிட்டதோடு, ஆரோக்கியமானோர் இதனை வழமையாகப் பரிசோதிக்க வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. ஆயினும் பல அறிக்கைகளில் 28 என்ற எண்ணின் அருகே 'போதாது' என்றே இன்றும் அச்சாகின்றது. வெயில் நிறைந்த இந்நாட்டிலும் குறைபாடு இல்லாமல் இல்லை. உடலை முழுமையாக மறைக்கும் ஆடை அணிவோரில் மட்டுமன்றி, காலை முதல் மாலை வரை அலுவலகத்திற்குள் இருப்போரிலும் அது காணப்படுகின்றது. எனினும் வாரத்திற்கு ஒன்றாகத் தரப்படும் வலுக்கூடிய வில்லையை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால், இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

பீ 12 தாவர உணவில் அநேகமாக இல்லை. எனவே பாலும் முட்டையும் தவிர்க்கும் சைவ உணவாளரும், நீரிழிவிற்காகப் பல்லாண்டுகள் மெற்போமின் எடுப்போரும் கவனிக்க வேண்டியது இதுவே. கால் விறைப்பை நீரிழிவின் விளைவென்றே ஒதுக்கிவிட்டு, திருத்தக்கூடிய குறைபாட்டைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கின்றது.

இரத்தம் கொடுக்கும் முன்னர் கவனிக்க வேண்டியவை சில. தலைமுடிக்காக எடுக்கப்படும் பயோற்றின், சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் மிகையாக இயங்குவது போன்ற பொய்யான முடிவைத் தரும். இரண்டு நாட்களுக்கு முன்னரே அதனை நிறுத்துவது நன்று. ரி.எஸ்.எச். அதிகாலையில் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரத்தம் கொடுத்தாலே எண்களை ஒப்பிடலாம்.

தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தின் பின்னரே தேநீர் அருந்த வேண்டும். இரும்புச் சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ரமழானில் இந்த ஒழுங்கு குலைவதால், நோன்பு முடிந்தபின் எடுக்கும் அறிக்கையில் ரி.எஸ்.எச். உயர்ந்து காணப்படலாம். ஸஹர் உணவிற்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்து குளிசையை எடுக்கலாம். அல்லது கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் கழித்து, உறங்கும் முன் எடுக்கலாம். எதைத் தெரிந்தாலும் மாதம் முழுவதும் அதையே கடைப்பிடிப்பதும், நோன்பு தொடங்குமுன் வைத்தியரிடம் அதைக் கூறுவதும் நல்லது. மருந்தின் அளவு மாற்றப்பட்டிருந்தால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழியுமுன் ரி.எஸ்.எச். பார்ப்பதால் பயனில்லை.