திரையில் 95, நெஞ்சில் மூச்சுத்திணறல்

இருட்டறையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அதன் மேல் விரல் நுனியை அழுத்தி வைத்துப் பாருங்கள். விரல் செக்கச்செவேலென்று ஒளிரும். டார்ச்சிலிருந்து கிளம்புவது வெள்ளை வெளிச்சம். தோல், சதை, ரத்தம் எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் அதிலிருக்கும் சிவப்பு மட்டும்தான். மற்ற நிறங்களை வழியிலேயே ரத்தம் உறிஞ்சிவிடுகிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது மருந்துக்கடைகளில் கிடைக்காமல் தவித்தோமே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அது இந்தச் சங்கதியை வைத்துத்தான் பிழைக்கிறது.

அந்தச் சின்னக் கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்இடி விளக்குகள் இருக்கும். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு. இன்னொன்று சுமார் 940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் உணர்வி. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைத் தாராளமாகக் கடந்துபோக விடும். ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் அதே சிவப்பை ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக விழுங்கும். அகச்சிவப்பில் கதை தலைகீழ், வித்தியாசம் மட்டும் கொஞ்சம்தான். ஆகவே இரண்டு வெளிச்சமும் எந்த விகிதத்தில் குறைந்து வருகின்றன என்று பார்த்தால், ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? எலும்பு, சதை, தோல், நகம் எல்லாமே வெளிச்சத்தைக் குறைக்கும். இதற்கு வழி கண்டவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது வேறு ஒன்றை. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியே வெளிச்சம் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து வரைகோட்டை நெளிய வைத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க முயன்றபோதுதான் பொறி தட்டியது: துடிப்போடு சேர்ந்து மாறுகிற வெளிச்சம் தமனி ரத்தத்திலிருந்து மட்டுமே வருகிறது, சதையும் எலும்பும் தோலும் துடிப்பதில்லை. மாறுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்கில் அடிபட்டுப் போகும். 1974இல் இதை அறிவித்தார். அறுவை அரங்கில் மயக்கமருந்து கொடுப்பதன் ஆபத்தை வெகுவாகக் குறைத்த கண்டுபிடிப்பு இது. அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். உலகம் முழுக்க ஜனங்கள் அவருடைய கருவியைத் தேடி அலையத் தொடங்கியிருந்த மாதம் அது.

தோல் துடிப்பதில்லை, ஆகவே தோலின் நிறம் கணக்கில் வராது. காகிதத்தில் இது சரிதான். நடைமுறையில் ஒரு சிக்கல். உணர்விக்குக் கிடைக்கும் விகிதத்தைச் சதவீதமாக மாற்ற நேரடியான சூத்திரம் இல்லை. விரலுக்குள் வெளிச்சம் நேர்கோட்டில் போவதில்லை. சிதறி, மோதி, சுற்றி வருகிறது. அதனால் கருவி செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் உண்மை அளவைக் கண்டுபிடித்து, அதே நேரத்தில் விரல் கருவி காட்டிய விகிதத்தோடு பொருத்தி ஒரு அட்டவணை தயாரிக்கிறார்கள். விகிதம் 1 என்றால் சுமார் 85 சதவீதம், இப்படி. 70க்குக் கீழே யாரையும் இறக்க முடியாது, உயிருக்கு ஆபத்து. அந்த அட்டவணைதான் கருவியின் எடைக்கல். பிறகு நம் விரலில் மாட்டும்போது, கருவி நம்மை அந்தத் தன்னார்வலர்களோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறது.

அவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோலினர்.

கருந்தோலில் இருக்கும் மெலனின் அகச்சிவப்பைவிடச் சிவப்பை அதிகமாக உறிஞ்சும். எல்இடி தருவதும் துல்லியமாக ஒரே அலைநீளம் கிடையாது, பக்கத்து அலைநீளங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். மெலனின் அந்தக் கலவையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். உணர்விக்கு வந்து சேரும் சமிக்ஞையே பலவீனமாகிவிடுகிறது என்பது இன்னொன்று. எதுவானாலும் பிழை ஒரே திசையில்தான் சாய்கிறது: உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். குறைத்துக் காட்டியிருந்தால் வீண் பதற்றத்தோடு போயிருக்கும். கூட்டிக் காட்டுவதுதான் ஆபத்து.

2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு டெட்ராய்ட் பகுதியிலிருந்து கொரோனா நோயாளிகள் மாற்றப்பட்டு வந்தார்கள், அவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர். விரல் கருவி ஒன்று சொல்ல, தமனி ரத்தப் பரிசோதனை வேறொன்று சொன்னது. அந்த ஆகஸ்டில், எம்ஐடியின் மானுடவியலாளர் எமி மொரான்-தாமஸ் பாஸ்டன் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டில் கணவருக்குக் கொரோனா வந்தபோது வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பார்த்து, இது எல்லார் தோலிலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா என்று தேடத் தொடங்கியவர் அவர். கட்டுரையைப் படித்த மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். விரல் அளவும் ரத்த அளவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட 10,789 ஜோடிகள் கிடைத்தன. கருவி 92 முதல் 96 வரை காட்டிய இடங்களில், உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்த டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது கடிதமாக வெளிவந்தது.

எனக்கு ஆறாத விஷயம் இந்தக் கண்டுபிடிப்பு புதிதே இல்லை என்பதுதான். 1990இலேயே அமல் ஜூப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரு மருத்துவர்கள், வென்டிலேட்டரில் இருக்கும் வெள்ளையருக்கு 92 என்ற இலக்கு போதும், கறுப்பினத்தவருக்கு 95 வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். (ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை வழக்கில், அவர் மூச்சு எப்படி நின்றது என்று 2021இல் நீதிமன்றத்தில் விளக்கினாரே, அதே டோபின்.) 2005இல் கலிஃபோர்னியாவில் பிலிப் பிக்லர் குழு, ஆக்ஸிஜன் மிகவும் இறங்கும்போது கருந்தோலில் பிழை 8 புள்ளிகள் வரை போகலாம் என்று அளந்து காட்டியது. கட்டுரைகள் நூலகத்தில் இருந்தன. கருவிகள் வார்டில் இருந்தன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் தந்த வழிகாட்டுதலோ, பத்துப் பேரைச் சோதித்தால் அதில் இரண்டு பேர் கருந்தோலினராக இருந்தால் போதும் என்ற அளவில் நின்றது. 2025 ஜனவரியில்தான் குறைந்தது 150 பேர், பத்து நிறச்சாயல்கள் கொண்ட அளவுகோலின்படி எல்லா வகைத் தோலும் என்று புதிய வரைவு வந்தது.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. கருவிக்கு இனவெறி கிடையாது. அதைச் செய்தவருக்கும், விரலில் மாட்டிய நர்ஸுக்கும் கிடையாது. பாரபட்சம் என்றால் முகம் சுளிக்கும் மருத்துவரைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். சுளிக்கும் முகத்தையாவது கண்டுகொள்ளலாம். புன்னகையோடு, அக்கறையோடு, "95 இருக்கும்மா, நார்மல்தான், பயப்படாதீங்க" என்று சொல்பவரின் பின்னால் இருக்கும் அட்டவணையை எப்படிக் கண்டுகொள்வது?

சில சமயம் அட்டவணை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். சிறுநீரகச் சூத்திரம் ஒன்று அப்படி. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை வைத்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட்டு, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 1.21ஆல் பெருக்கச் சொன்னது. ஆய்வில் பங்கேற்ற கறுப்பினத்தவருக்குச் சராசரி கிரியாட்டினின் கூடுதலாக இருந்தது, தசை அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்க இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒருவருக்கு 17 வந்தால் அவர் வரிசையில் நிற்கலாம். அவரே கறுப்பினத்தவர் என்றால் பெருக்கிய பிறகு 20.6. வரிசை அவருக்கு இன்னும் திறக்கவில்லை. இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் மருத்துவ மாணவர்கள் உண்டு. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை 2017இல் பெருக்கலைக் கைவிட்டது. 2021இல் இனம் இல்லாத சூத்திரம் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். மேலே சொன்ன ஆய்வுகள் அமெரிக்கர்களைப் பற்றியவை. ஆனால் மெலனினுக்குக் குடியுரிமை கிடையாது. 2021இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு "94க்குக் கீழே போனா ஆஸ்பத்திரி" என்பது பாடமாகியிருந்தது. மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நம் விரல்களில் அந்த 94க்கு என்ன அர்த்தம் என்று அப்போது எத்தனை பேர் கேட்டோம்? அதற்காகக் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். நகப்பூச்சை எடுத்துவிட்டு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் உட்கார்ந்து, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பாருங்கள். 98 இருந்த இடத்தில் 94 வந்தால், அந்த நான்கு புள்ளி இறக்கம்தான் செய்தி.

எண்ணும் உடம்பும் முரண்பட்டால்? அங்கேதான் நோயாளி வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது, அது சுலபமும் இல்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியனில் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத்திணறினார். நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த முன் அனுபவம் இருந்ததால், சிடி ஸ்கேன் வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வேண்டும் என்று அவரே நர்ஸிடம் போய்ச் சொன்னார். வலிமருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார் நர்ஸ். முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு சிடி எடுத்தபோது நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள். உலகமே அறிந்த, பணத்துக்குக் குறைவில்லாத, தன் உடம்பை அணு அணுவாகத் தெரிந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கே இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

நமக்கோ டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வந்ததில் பாதி வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அதிலும் பேச விட்டால்தானே. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் மருத்துவ ஆலோசனைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். ஆகவே அந்தப் பதினெட்டு நொடியில் எதைச் சொல்வது என்பது முக்கியம். "ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "நேத்து காலைல பாத்ரூம் வரைக்கும் நானே நடந்து போனேன், இன்னிக்கு கட்டில்ல எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்குது" என்பது தகவல். நேற்று, இன்று, என்ன மாறியது. கருவியால் இதைச் சொல்ல முடியாது. அடுத்து, "மெஷின் 95 காட்டுது, ஆனா மூச்சு முட்டுது. ஏபிஜி எடுத்துப் பார்க்கலாமா சார்?" ஏபிஜி என்பதுதான் தமனியிலிருந்து நேரடியாக ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை, ஐசியூவில் தினமும் புழங்குகிற சொல். மணிக்கட்டில் குத்தும்போது வலிக்கும், தோல் நிறத்துக்கு அங்கே வேலையில்லை. ஹார்வர்ட் மருத்துவர் ஜெரோம் குரூப்மன் 2007இல் மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதி, நோயாளிகளுக்குச் சில கேள்விகளைச் சிபாரிசு செய்தார். இது வேறு என்னவாக இருக்கலாம்? ஏதாவது பொருந்தாமல் இருக்கிறதா? இரண்டுமே மரியாதைக் குறைவில்லாத கேள்விகள். வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் டியூட்டி டாக்டரைக்கூட ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைக்கும்.

என்றாலும், மூச்சுத்திணறுகிறவரே வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்று முற்றி செப்சிஸ் வந்து 2021இல் இறந்தாள். பெற்றோர் தங்கள் பயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஐசியூவுக்கு மாற்றத் தாமதமானது. அவள் பெயரால் இப்போது ஒரு விதி இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து 143 மருத்துவமனைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோயாளியோ குடும்பத்தாரோ, கவனிக்கும் மருத்துவருக்கு மேலே போய், தீவிர சிகிச்சைக் குழுவை எந்த நேரமும் நேரடியாக அழைத்து மறுபரிசோதனை கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரையன் விதி என்ற பெயரில் 2013 முதலே இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் கூட இருக்கும் உறவினரை அட்டெண்டர் என்கிறோம். மருந்துச் சீட்டோடு ஓடவும் பில் கட்டவும்தான் பெரும்பாலும் அவர் பயன்படுகிறார்.

மார்த்தா விதியில் இன்னொரு பகுதி இருக்கிறது, பத்திரிகைகள் அதிகம் பேசாதது. தினமும் நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ எப்படி இருக்கிறது, தேறுகிறதா மோசமாகிறதா என்று கேட்டு, பதிலைக் குறித்துவைக்க வேண்டும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் ஆகியவற்றோடு அதற்கும் பதிவேட்டில் ஓர் இடம்.