நெருக்கப்பட்ட குழாய்

மூச்சின் கணக்கு – 14

எம்ஃபிசீமாவில் காற்றுப்பைகளின் சுவர்கள் எப்படி அழிகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். சுவர் அழிந்தால் நுரையீரல் சுருங்கத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. துவைத்துத் துவைத்து இழுவை போன எலாஸ்டிக் மாதிரி, விரிந்த நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்ப மறுக்கிறது. காற்று உள்ளேயே தேங்குகிறது. உதரவிதானம் தட்டையாகிறது, மார்புக்கூடு புடைக்கிறது. ஊதிப்போன இரண்டு நுரையீரல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது மூச்சுக்குழாய்.

அனுபவமுள்ள மருத்துவர் இதை விரலாலேயே கண்டுபிடிப்பார். குரல்வளையின் கீழ் விளிம்புக்கும் கழுத்தடிக் குழிக்கும் இடையே பொதுவாக மூன்று நான்கு விரல் வைக்கலாம். இந்த நோயாளிகளில் பலருக்கு இரண்டு விரல் வைக்கவே இடமிருக்காது. மார்பெலும்பு மேலே தூக்கிக்கொள்ள, மூச்சுக்குழாய் கீழே இழுபடுவதால் வரும் குறுக்கம் அது. ஒவ்வொரு மூச்சை இழுக்கும்போதும் குழாய் கீழே இறங்குவது சிலருக்குத் தொட்டாலே தெரியும்.

சி.டி. ஸ்கேன் இன்னொன்றையும் காட்டும். கழுத்துக்குள் இருக்கும்வரை குழாய் ஏறக்குறைய வட்டமாகத்தான் இருக்கும். மார்புக்குள் நுழைந்ததும் பக்கவாட்டில் ஒடுங்கிவிடும். முன்பின்னாக 24 மி.மீ., குறுக்கே 11 மி.மீ. என்று அளவு வந்தால், அதை ‘வாளுறை மூச்சுக்குழாய்’ என்பார்கள். 1905இல் ஜெர்மானிய மருத்துவர் சிம்மண்ட்ஸ் விவரித்த வடிவம் இது. மார்புக்குள் மட்டும் ஒடுங்குவதே, நெருக்குவது யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. குழாயில் கோளாறில்லை, கோளாறு பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் பக்கத்தில் இருப்பதைக் குறைத்தால் என்ன? பால்டிமோரின் ஓட்டோ பிராண்டிகன் 1950களில் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான். ஏற்கெனவே மூச்சுத் திணறுபவரின் நுரையீரலையே வெட்டிக் குறைத்தார். மிஞ்சிய திசுவின் இழுவை கூடும், சிறு மூச்சுக்கிளைகள் திறந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறந்துபோக, முறை கைவிடப்பட்டது.

1990களில் செயின்ட் லூயிஸின் ஜோயல் கூப்பர் அதை மீட்டெடுத்தார். மாற்று நுரையீரல் பொருத்தியவர்களுக்குப் புடைத்த மார்பு பழைய அளவுக்குத் திரும்புவதை அவர் கவனித்திருந்தார். ஒவ்வொரு நுரையீரலிலும் 20 முதல் 30 சதவீதத்தை ஸ்டேப்ளர் போட்டு வெட்டினார். தையல் வழியே காற்று கசியாமலிருக்க மாட்டின் இதய உறையிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்தார். முதல் 20 பேருக்கு, ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு சராசரியாக 82 சதவீதம் கூடியது.

நுரையீரலின் கொள்ளளவு குறைந்ததும் உதரவிதானம் மேலேறுகிறது. குழாயைக் கீழே இழுத்த விசையும் பக்கவாட்டு நெருக்கலும் தளர்கின்றன. மூச்சை விட முன்போல் முக்க வேண்டாம் என்பதால், அந்த அழுத்தத்தில் குழாயின் மென்மையான பின்சுவர் உள்ளே தள்ளப்படுவதும் குறையலாம். ஆனால் பக்கச் சுவரில் இருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். வாளுறை வடிவில் அவை பெரும்பாலும் சுண்ணாம்பேறி இறுகியிருக்கும். பல ஆண்டு நெருக்கலில் இறுகிய வளையம், நெருக்கல் விலகிய மறுநாளே வட்டமாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அதற்காக நோயாளி கவலைப்படவும் வேண்டாம். ஒடுங்கிய குழாய்க்கென்று தனிச் சிகிச்சை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அறுவைக்குத் தகுதி உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. அமெரிக்காவில் 1,218 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், நோய் மேல்மடல்களில் குவிந்து, உடல் உழைப்புத் திறனும் குறைந்திருந்தவர்களே கூடுதல் ஆயுள் பெற்றார்கள். நுரையீரல் முழுக்கச் சீராக அழிந்து, மூச்சுத்திறன் 20 சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கோ அறுவையே ஆபத்தானது. ஆகவே ஸ்கேனைக் கையில் வாங்கியதும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, “குழாய் எத்தனை மில்லிமீட்டர்?” என்பதை அல்ல, “நோய் எந்த மடலில் இருக்கிறது?” என்பதை.

(அடுத்த வாரம்: கத்தியில்லாமல் நுரையீரலைச் சுருக்கும் வால்வுகள்)