குடிநோய் மீட்பு: சாதி கேட்காத வட்டம்

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் உள்ளது. குடியின் பழியோ ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகள் மீதே சுமத்தப்படுகிறது. கோவையின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பான்மையினர் அருந்ததியர். நாற்றத்தை மறக்கவே குடிப்பதாக அவர்களுள் பலர் கூறுகின்றனர். அதை ஒழுக்கக்கேடு என்போர், அத்தொழிலைத் திணித்த சாதியைப் பற்றிப் பேசுவதில்லை.

குடிநோய்க்குத் தேவை அறிவுரையன்று, சிகிச்சை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் வரையறைக்குள் சேர்த்து, சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுக வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

அடுத்தது ஆதரவுக் குழு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பில் சேரக் கட்டணமில்லை. குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. ஒருவர் பேச, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பர், பேசாமலும் அமர்ந்திருக்கலாம். முழுப்பெயரோ முகவரியோ சொல்ல வேண்டியதில்லை. ஊரையும் தெருவையும் கேட்டே சாதியை அறியும் கொங்கு மண்ணில் இது சிறிய விடுதலையன்று.

ஆனால் விடியலுக்கு முன் துடைப்பம் ஏந்துவோருக்கு, நகரின் மறுகோடியில் நடக்கும் இரவுக் கூட்டம் எட்டாது. குடிநோயிலிருந்து மீள விரும்பும் இருவர் மூவர் கூடினாலே குழுவாகலாம் என்பது அவ்வமைப்பின் மரபு. அதற்குக் குடியிருப்பிலேயே மாலையில் ஓர் அறையைப் பெற்றுத் தருவதும், விற்கும் அரசிடமே சிகிச்சையைக் கோருவதும் இயக்கங்களின் கடமை.