ஓர் அலகு என்றால் எத்தனை அடி? – உருவம் அமைக்கும் மென்பொருளில் அளவும் விகிதமும்



போன ஆண்டு வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக நானே ஒரு சிறு காணொளி தயாரித்தேன். பேருந்து நிறுத்தம், ஒரு பாட்டி, பக்கத்தில் ஆறு வயதுப் பேரன். மனித உருவங்களை நிற்க வைத்து, உட்கார வைத்துக் காட்சி அமைக்கும் முப்பரிமாண மென்பொருளில் செய்தது. உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டியும் உயரம் குறைந்த ஓர் ஆடவரும் பேருந்துக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று தொடங்கினாள். "நல்லா பாரும்மா, அது சின்னப் பையன்" என்று திருத்தினேன், மதிப்பெண்ணையும் குறைத்தேன். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் போய் மறுபடியும் பார்த்தபோது புரிந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். தப்பு என் படத்தில். அதைத் தேடிப் போனபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முழம் ஒன்றுதான், கை வேறு

தேக்காவில் மல்லிகைச் சரம் வாங்கியிருப்பீர்கள். இரண்டு முழம் கேட்டால் பூக்காரர் தம் கையால் அளந்து தருவார். கை நீளமானவரிடம் வாங்கினால் நமக்கு லாபம். 'இரண்டு' என்ற எண் மாறவில்லை. அளந்த கை மாறியது.

மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு பொருளின் உயரம் 0.45 என்று இருந்தால், அது 0.45 என்ன? மீட்டரா, சென்டிமீட்டரா? மென்பொருள்களுக்கிடையே பொருள்களைக் கொண்டு போகப் பரவலாகப் பயன்படும் ஓபிஜே கோப்பில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன. எந்த அலகு என்பதை, திறக்கும் மென்பொருள் தன் கையால் அளந்து முடிவு செய்கிறது.

மூன்று மென்பொருள், மூன்று கை

பிளெண்டரில் இயல்பான அமைப்பில் ஓர் அலகு என்பது 1 மீட்டர். டாஸ் ஸ்டூடியோவில் ஓர் அலகு 1 சென்டிமீட்டர். போசரில் ஓர் அலகு 8.6 அடி, அதாவது 262.128 சென்டிமீட்டர்.

ஆகவே 170 செ.மீ. உயரமுள்ள ஒரே ஆள், பிளெண்டரில் 1.7, டாஸ் ஸ்டூடியோவில் 170, போசரில் ஏறக்குறைய 0.65. மூன்று எண்களும் சரி. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதுதான் பிழை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். போசரின் பொது விருப்பங்களில் காட்சி அலகை அடி, மீட்டர், சென்டிமீட்டர் என்று மாற்றலாம். மாற்றினால் திரையில் தெரியும் எண் மாறும். உருவம் வளராது, சுருங்காது. அடிக்கோலைத் திருப்பி அங்குலப் பக்கத்தில் படிப்பது போலத்தான்.

ஒரு பெஞ்சின் கதை

பேருந்து நிறுத்தப் பெஞ்சை நான் பிளெண்டரில் செய்தேன். உட்காரும் பலகை தரையிலிருந்து 45 செ.மீ., அதாவது 0.45. கோப்பை அப்படியே கொண்டு போனால் என்ன ஆகும்?

டாஸ் ஸ்டூடியோவில் அது 0.45 செ.மீ. பெஞ்சு எங்கே என்று தேட வேண்டியதுதான். சரி செய்ய 100 மடங்கு, அதாவது 10,000 விழுக்காடு ஆக்க வேண்டும்.

போசரில் 0.45 × 262.128 = 118 செ.மீ. பாட்டியின் நெஞ்சு உயரத்துக்குப் பெஞ்சு! சரி செய்ய 100 ÷ 262.128, அதாவது ஏறக்குறைய 38.15 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். போசரில் இறக்கும்போது 'இயல்பான உருவ உயரத்தில் இத்தனை விழுக்காடு' என்ற தெரிவையும் கவனியுங்கள். அது தேர்வாகியிருந்தால், கோப்பில் உள்ள அளவை விட்டுவிட்டு, மனித உருவத்தோடு ஒப்பிட்டுப் பொருளின் அளவை அமைத்துவிடும். சொந்த அளவு வேண்டுமென்றால் அதை எடுத்துவிடுங்கள்.

சின்னப் பிழைதான் ஏமாற்றும்

நெஞ்சு உயரப் பெஞ்சை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். கண்ணுக்குத் தப்புவது சின்ன வேறுபாடு. போசர் அலகை 8 அடி, அதாவது 243.84 செ.மீ., என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. டாஸ் ஸ்டூடியோவின் ஏற்றுமதிப் பட்டியலில் போசருக்கு 8 அடி என்றுதான் போட்டிருக்கும். 8.6ஐ 8ஆல் வகுத்தால் 1.075. ஒரு பொருளை 8 அடிக் கணக்கிலும் இன்னொன்றை 8.6 அடிக் கணக்கிலும் கொண்டுவந்தால், 7.5 விழுக்காடு வேறுபாடு வந்துவிடும். 170 செ.மீ. ஆள் 183 செ.மீ. ஆகிவிடுவார். தனியாக நின்றால் தெரியாது. கதவருகே நின்றால் 'ஏதோ சரியில்லையே' என்று தோன்றும். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு காட்சிக்கு ஒரே கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கினால் பெரியவர் குழந்தை ஆகமாட்டார்

என் உண்மையான தப்பு இதுதான். 170 செ.மீ. ஆடவர் உருவத்தை 70 விழுக்காடாகச் சுருக்கினேன். 119 செ.மீ. ஆறு வயதுப் பையனுக்கு உயரம் பொருத்தம்தான். ஆனால் அளவு வேறு, விகிதம் வேறு. பெரியவர்களின் உயரம் அவர்கள் தலையைப் போல் சுமார் ஏழரை மடங்கு. ஆறு வயதுக் குழந்தைக்கு அது சுமார் ஆறு மடங்குதான். என் 'பையனின்' தலை 16 செ.மீ.க்கும் குறைவு, ஏறக்குறைய 20 இருந்திருக்க வேண்டும். மொத்தமாகச் சுருக்கும்போது எல்லா உறுப்பும் ஒரே அளவாகக் குறைவதால் விகிதம் மாறுவதே இல்லை. மாணவி பார்த்தது அந்த விகிதத்தைத்தான். குழந்தை வேண்டுமென்றால் குழந்தை உருவத்தையே எடுக்க வேண்டும். இல்லையென்றால் தலையைத் தனியாகப் பெரிதாக்கி, கைகால்களைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

வகுப்புக்குக் கொண்டு போகும் முன்

1. உயரம் தெரிந்த ஒரு பெட்டியை, 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் காட்சியில் வையுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.
2. முன்பக்கக் காட்சியிலிருந்து சரிபாருங்கள். சாதாரணக் கேமராவில் கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். அது கண்ணை ஏமாற்றும்.
3. நாற்காலி, கதவு, கைப்பிடி போன்ற அன்றாடப் பொருள்களை ஒருமுறை நாடாவால் அளந்து குறித்து வையுங்கள்.
4. காட்சியை அறியாத ஒருவரிடம் காட்டி, "என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மாணவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. பிளெண்டரில் 0.9 உயரமுள்ள மேசையைப் போசர் அப்படியே திறந்தால் எவ்வளவு உயரம்? (விடை: 0.9 × 262.128 = ஏறக்குறைய 236 செ.மீ.)

அடுத்து, வாய்மொழித் தேர்வுக்கு. காட்சியில் ஒன்று விளங்காவிட்டால், பார்த்ததை மறைக்க வேண்டாம். "சிறுவனைப் போல் தெரிகிறது", "பாட்டியின் பேரனாக இருக்கக்கூடும்", "பள்ளிப் பையை வைத்துப் பார்த்தால் மாணவன் என்று நினைக்கிறேன்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்வதும் மொழித்திறன்தான்.

அந்த மாணவியிடம் மறுநாளே போய், "நீ சொன்னதுதான்மா சரி, என் படம்தான் தப்பு" என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். "அப்போ நான் பார்த்தது சரியா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டாள். புதிய காணொளியை வகுப்பில் காட்டும் முன் இப்போது அவளிடம்தான் முதலில் காட்டுகிறேன்.