மதுரைக் காலை ஆராய்ந்த பம்பாய் சர்ஜன்

வைத்தியக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் மாணவன் எவனும் கிரே எழுதிய உடற்கூற்று நூலின் பெயரைக் கேளாதிருக்க மாட்டான். ஆனால், அந்நூலின் 363 சித்திரங்களையும் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1858-ல் அது லண்டனில் வெளியான சமயம், அந்தக் கீர்த்தியில் பங்குகொள்ள அங்கே இல்லாமல், ராணுவ சர்ஜனாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்திருந்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

1831-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு சித்திரக்காரருக்கு மகனாகப் பிறந்த கார்ட்டர், லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் பயின்றார். அக்காலத்து சர்ஜனின் கல்வி ஏட்டோடு முடிவதன்று. பிரேதத்தை அறுத்து, தசையையும் நரம்பையும் ரத்தக் குழாயையும் இழை இழையாகப் பிரித்துக் கையால் தொட்டு அறிய வேண்டும். கார்ட்டரோ அவ்வாறு கண்டதை மரக்கட்டையின் மேல், அச்சில் நேராக விழும்படி இடவலம் மாற்றி வரைந்ததோடு, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அந்த உறுப்பின் மீதே எழுதி, மாணவனின் கண் அலையாதபடி செய்தார். இத்தனைக்கும் அவர் பெற்ற ஊதியம் ஒரே தடவையாக 150 பவுன். கிரேக்கோ விற்ற ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் அதே தொகை. இது அநியாயம் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

பிறகு, போட்டிப் பரீட்சையில் தேறி இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அதில் சேர்ந்தவர்கள் பட்டாளத்து அதிகாரிகளே. எனினும் சிவில் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவ்வண்ணமே கார்ட்டர் பம்பாயின் பைகுலாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார்; பின்னர் சதாராவில் சிவில் சர்ஜனாகவும் இருந்தார்.

நம்மவர் அவரை நினைக்க விசேஷக் காரணம் ஒன்றுண்டு. செருப்பின்றி வயலில் உழைப்பவரின் பாதத்தில் முள் குத்திய இடம் வருஷக்கணக்கில் வீங்கி, பல புரைகளாகத் திறந்து, சீழோடு கசகசா அளவிலான கறுப்பு, வெள்ளை அல்லது சிவப்பு மணிகளைக் கக்கும் ஒரு வியாதி, 1840-களில் மதுரை வைத்தியசாலையில் கண்டு எழுதப்பட்டதால், 'மதுரைக் கால்' என்றே உலகெங்கும் வழங்கிற்று. எலும்பையும் அரித்துவிடும் அந்நோய்க்குப் பாதத்தை வெட்டுவதன்றி வழியறியாத சர்ஜன்களிடையே, வெட்டப்பட்ட பாதத்தையே பாடமாகக் கொண்டு, அம்மணிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவை பூஞ்சையின் திரட்சி என்று நிரூபித்து, 'மைசெட்டோமா' என்ற பெயரையும் இட்டவர் கார்ட்டரே. 1874-ல் அதைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார். சிலவகை மணிகளுக்குக் காரணம் பூஞ்சையன்று, பாக்டீரியா என்பது பின்னால் தெரியவந்தது. அவ்வகை ஒன்றின் பெயரிலும், கறுப்பு மணிப் பூஞ்சையின் பெயரிலும் இன்றுவரை மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1877-ல், தக்காணப் பஞ்சத்தால் பம்பாய்க்குள் திரண்டு வந்த ஏழைகளிடம் விட்டுவிட்டுத் திரும்பும் ஜுரம் பரவியபோதும், பெர்லினில் ஓபர்மையர் என்ற வைத்தியர் கண்ட சுருள் கிருமியைப் பம்பாய் நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த கார்ட்டர், ஜுரம் ஏறுகையில் அது தோன்றுவதையும் இறங்குகையில் மறைவதையும் பொறுமையோடு குறித்து, குரங்குகளுக்கும் அதை ஏற்றி, நோய் தொற்றுவதை நிரூபித்தார். 1888-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அவர், 1897-ல் ஸ்கார்பரோவில் க்ஷயரோகத்தால் காலமானார்.