எரிய மறுக்கும் பெல்லட் கணப்பு

பெல்லட் கணப்பு மரத்தை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவிதான். ஆனால் மின்சாரம் இல்லாவிட்டால் அதில் எதுவும் நடக்காது. மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் இறுக்கி, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனில் சிறு குச்சிகளாக ஆக்கியதே பெல்லட்; பார்வைக்கு மாட்டுத் தீவனக் குச்சி போலவே இருக்கும். 1980களில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வீடுகளுக்குள் நுழைந்த இந்தக் கணப்பு, இன்று இத்தாலியிலும் பிரான்சிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தின் வழக்கமான துணை. சாதாரண விறகடுப்பில் ஆள் செய்யும் வேலைகளை இதில் மோட்டார்களும் சுவிட்சுகளும் ஒரு சர்க்யூட் போர்டும் செய்கின்றன. அதனால்தான் தீ பற்றாதபோது கோளாறு நெருப்பிலா, காற்றிலா, மின்சாரத்திலா என்று பிரித்தறிவது கடினமாகிறது.

பிரித்தறிய உதவுவது, கணப்பு தன் வேலைகளைச் செய்யும் வரிசை. பொத்தானை அழுத்தியதும் முதலில் புகையை வெளியே தள்ளும் விசிறி சுற்றும். அது உள்ளிருக்கும் காற்றை இழுப்பதால் எரியறையில் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை வேக்குவம் சுவிட்ச் உணர்ந்தால்தான் திருகுத் தண்டின் மோட்டார் இயங்கி, தொட்டியிலிருந்து பெல்லட்டை எரிகிண்ணத்தில் கொட்டும். அதே வேளையில் கிண்ணத்தின் பின்னாலோ அடியிலோ இருக்கும் இக்னைட்டர் என்ற சூடேற்றும் குச்சி பழுக்கும்; அதைத் தழுவிவரும் சூடான காற்று பெல்லட்டைப் பற்றவைக்கும். சில நிமிடங்களில் தீ எழும். புகைப்பாதையில் உள்ள வெப்ப உணரி தீயை உறுதிசெய்த பிறகு இக்னைட்டர் அணையும். அறைக்குள் வெப்பக் காற்றை வீசும் விசிறி கடைசியாகத் தொடங்கும். இந்த வரிசை எந்தப் படியில் நின்றதோ, தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். திரையில் தோன்றும் எச்சரிக்கை எண் இதற்கு உதவும் என்றாலும், ‘தீ பற்றவில்லை’ என்ற விளைவைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

எதையும் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தீ பற்றாத முயற்சிக்குப் பிறகு எரிகிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிந்திருக்கும். அதை அகற்றாமல் மீண்டும் பொத்தானை அழுத்தினால், இருமடங்கு பெல்லட் தீயின்றிப் புகைந்து, எரியறை முழுக்க எரியக்கூடிய வாயு நிறையும். திடீரெனத் தீ பிடிக்கும்போது கண்ணாடிக் கதவு சிதறும் அளவுக்கு வெடிக்கலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், கணப்பு ஆறிய பிறகு, கிண்ணத்தைக் காலிசெய்வது கட்டாயம். எடுத்த பெல்லட்டைத் தொட்டிக்குள் திரும்பப் போடக் கூடாது. உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தால் தொட்டியே பற்றிக்கொள்ளும். சாம்பலை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

விசிறி சுற்றுகிறது, பெல்லட்டும் விழுகிறது, ஆனால் தீ மட்டும் வரவில்லை என்றால் எல்லோரும் இக்னைட்டரையே சந்தேகிப்பார்கள். பல வீடுகளில் உண்மையான குற்றவாளி சாம்பல். கிண்ணத்தின் துளைகளில், குறிப்பாக இக்னைட்டருக்கு நேரே உள்ள துளையில், சாம்பல் உருகி இறுகிய கட்டி அடைத்துக்கொண்டால் குச்சி பழுத்தும் பயனில்லை. சுத்தம் செய்த கிண்ணத்தைச் சற்றுக் கோணலாகத் திரும்ப வைத்தாலும் இதே கதிதான். ஈரம் ஏறிய பெல்லட்டும் பற்றாது. தரமான பெல்லட்டில் ஈரம் 10 விழுக்காட்டுக்கு மேல் இராது; நீரில் போட்டால் ஊதித் தூளாகிவிடும் பொருள் இது என்பதால், நனைந்த கிடங்கில் வைத்த மூட்டை குப்பைக்குத்தான்.

துளைகள் சுத்தமாக இருந்தும் எரியவில்லையென்றால், சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. கையால் தீ மூட்டுவதைக் கையேடு அனுமதித்தால், ஆறிய கிண்ணத்தில் சிறிது பெல்லட்டோடு அதற்கென்று விற்கும் ஜெல்லைச் சேர்த்துப் பற்றவைத்துப் பார்க்கலாம். அதன்பின் கணப்பு வழக்கம்போல ஓடினால் விசிறி, மோட்டார், உணரி எல்லாம் நலம். கோளாறு இக்னைட்டரிலோ அதற்குப் போகும் வயரிலோதான். சூடான கிண்ணத்தில் ஜெல்லை ஊற்றவே கூடாது.

அடுத்தது மல்டிமீட்டரின் வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இக்னைட்டர்கள் பெரும்பாலும் 300 வாட்டை ஒட்டியவை. உலோகக் குழல் வகையில் 300 வாட் குச்சிக்கு, அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஏறத்தாழ 48 ஓமும், ஐரோப்பாவின் 230 வோல்ட்டில் 176 ஓமும் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்கம்பி அறுந்துவிட்டது. பூஜ்யத்தை நெருங்கினால் ஷார்ட். செராமிக் வகை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மாறுபடும் என்பதால் கையேட்டு எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். குச்சி நலமென்றால், தீ மூட்டும் கட்டத்தில் அதற்கு மின்னழுத்தம் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இது மின்சாரம் ஓடும்போது செய்வது, எனவே பழகிய கைக்கு உரியது. இங்கே பழகியவர்களும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு: வயரைக் கழற்றிவிட்டு அளந்தால், இக்னைட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும், போர்டிலுள்ள டிரயாக் என்ற மின்னணு சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சிறு கசிவால் மீட்டர் முழு மின்னழுத்தத்தையே காட்டக்கூடும். இக்னைட்டர் இணைந்த நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

மின்னழுத்தம் வரவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு வயர் முனைகள், கடைசியில்தான் போர்டு. உதிரிபாகங்களில் விலை கூடியது போர்டு என்பதால், அதை முதலில் மாற்றச் சொல்பவரின் பேச்சைச் சற்று நிதானித்தே கேட்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் ஷார்ட்டான இக்னைட்டரே அதைப் பலிவாங்கியிருக்கலாம். குச்சியைச் சோதிக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ஃபியூஸ் நன்றாயிருந்தும், கணப்பைப் போட்டதும் வீட்டின் கசிவு மின் பிரேக்கர் விழுகிறதென்றால் வேறு கதை: கோடை முழுதும் சும்மாயிருந்த உலோகக் குழல் இக்னைட்டரின் உள்காப்புத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தை உடற்பகுதிக்குக் கசியவிடும். இக்னைட்டரைக் கழற்றியபின் பிரேக்கர் விழாவிட்டால் மாற்றவேண்டியது எது என்பது தெளிவு.

விசிறி சுற்றியும் பெல்லட் விழவில்லை என்றால், திருகுத் தண்டு மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் வேக்குவம் சுவிட்சைப் பார்க்கலாம். புகைக்குழாயில் சாம்பல், கதவில் நைந்த கேஸ்கட், சரியாக மூடாத சாம்பல் தட்டு, சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் அடைப்பு என எது நேர்ந்தாலும் அந்தச் சுவிட்ச் மூடாது. மோட்டாருக்கு மின்சாரம் போகாது. குழாயைச் சுவிட்சிலிருந்து பிடுங்கி, கணப்பின் பக்கமாக வாயால் ஊதி அடைப்பை நீக்கலாம். சுவிட்சின் பக்கம் ஊதினால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். அந்தச் சுவிட்சை வயரால் இணைத்து ஏமாற்றி கணப்பை ஓட்டுபவர்கள், புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரத் தாங்களே வழி திறந்துவிடுகிறார்கள்.

நன்றாக எரிந்து, பத்து இருபது நிமிடம் கழித்துத் தானே அணைந்துபோவது இன்னொரு வகை. வெப்ப உணரியின் மேல் கரி படிந்திருந்தாலோ அது இடத்தைவிட்டு விலகியிருந்தாலோ, தீ எரிவதைப் போர்டு அறியாது. அதிவெப்பச் சுவிட்ச் விழுந்திருந்தால் பின்புறச் சிறு பொத்தானை அழுத்தி மீட்கலாம். திரும்பத் திரும்ப விழுந்தால் அறைக்குக் காற்று வீசும் விசிறியில் தூசி அடைந்திருக்கும்.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது விசிறிகள் உறுமி வேகம் தடுமாறினால், கணப்பைக் குறைசொல்வதற்கில்லை. மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் படிக்கட்டு வடிவ அலை, விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டுக்கு ஒவ்வாது. சைன் அலை தருவதே வேண்டும். தீ எழும்வரை இக்னைட்டரையும் சேர்த்து 400 வாட் வரை தேவைப்படும். பிறகு 100 வாட்டளவில் ஓடும். இன்வெர்ட்டரும் இல்லாத வீட்டில், எரியும்போது மின்சாரம் போனால் புகைவிசிறி நின்றுவிடும். கிண்ணத்தில் மிஞ்சிய பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். கதவைத் திறக்காமல் ஆறவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில், பேட்டரியில் இயங்குவதாக இருக்க வேண்டும்.